ஐந்தாகப் பிரித்த வழிகாட்டி

கல்முனைச் சந்தைக்குப் பின்னால் புத்தகம் கட்டுபவர் ஒருவர் இருந்தார். அண்ணன் என்ற முறையில் எல்லாரும் அவரைக் 'காக்கா' என்போம். மருதோன்றி பூசிய தாடியில் எப்போதும் பசை காய்ந்திருக்கும். எதைப் பிரித்தாலும், வசனம் முடியாத பக்கத்தில் கத்தி வைக்கமாட்டார்.

தொண்ணூறுகளில், பாடசாலை அதிபர் பதவிக்கான பரீட்சை எழுதவிருந்த ஆசிரியர்கள் எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே வழிகாட்டிப் புத்தகம்தான். அதை ஐந்தாகப் பிரிக்க அவரிடம் கொடுத்தேன். வாங்கிப் புரட்டியபடி கேட்டார்:

"சேர், மௌத்தானவருக்கு ஓதுற கத்த வீட்டில, முப்பது ஜுஸுவையும் பங்கு பிரிச்சு ஆளுக்கொரு ஜுஸு ஓதினா முழுக் குர்ஆனும் முடிஞ்சிரும். சோதினையும் அப்பிடியா?"

"மாத்தி மாத்திப் படிப்பம் காக்கா. நீங்க வெட்டுங்க."

மாற்றவேயில்லை. ஆளுக்கொரு பகுதியில் மேதையாகி, ஐவரும் ஒன்றாகப் பெயிலானோம்.

துண்டுகளைத் திரும்பத் தைக்கக் கொடுத்தபோது, பெறுபேறு கேட்பாரோ என்று பயந்தேன். கேட்கவில்லை. தைத்து நீட்டினார்.

"இனிப் பிரிக்க ஏலாத மாதிரித் தைச்சிருக்கன், சேர்."

அது எனக்காகக் கேட்ட துஆவா, நக்கலா என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.