ஏழாம் அறையில் வேகாத சோறு

"மூணாவது நாற்காலி ஆடுது. இடது பின்னங்கால்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சுவாமிநாதன் தட்டச்சு செய்கிறார். பல் மருத்துவரின் காத்திருப்பு அறையைப் பற்றிய மதிப்புரை அது. அவருடைய வலது கன்னம் இட்லி மாதிரி வீங்கியிருக்கிறது. பல் எப்படி இருக்கிறது என்று மனைவி ஸ்வர்ணா கேட்டால், "அது கிடக்கட்டும். மொதல்ல அவங்க நாற்காலிய சரி பண்ணட்டும்" என்கிறார்.

ஜெர்மனியில், வால்டோர்ஃப் என்ற ஊரில் அவருக்கு மென்பொருளைச் சோதிக்கும் வேலை. அடுத்தவர் ராத்திரி பகலாக எழுதியதைக் காலையில் வந்து பத்தே நிமிடத்தில் கவிழ்த்துக் காட்ட வேண்டும். பதினான்கு வருடமாகக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார். வேலை ஐந்து மணிக்கு முடிந்துவிடும், கண் மட்டும் வீட்டுக்கு வந்தும் வேலை பார்க்கும். கடையில் காலி பாட்டிலைத் திருப்பி வாங்கும் இயந்திரத்தில் எல்லோரும் அடிப்பாகத்தை முன்னால் விட்டால் இவர் வாய்ப்பாகத்தை விட்டுப் பார்ப்பார். பின்னால் வரிசை நீளும். ஜெர்மானியர்கள் பொறுமையாகத் தொண்டையைச் செருமுவார்கள். ஸ்வர்ணா தக்காளி பொறுக்கப் போனவள் போல அடுத்த பக்கம் நகர்ந்துவிடுவாள். "நான் குறை சொல்லல, ரிப்போர்ட் பண்றேன்" என்பது அவர் சொல்லும் நியாயம்.

விடுதி அறை கிடைத்துவிட்டால் அவருக்குத் திருவிழாதான். அறைக்குள் போனதும் உட்காரமாட்டார். குழாயைத் திறந்து கைப்பேசியில் நேரம் பார்ப்பார். "வெந்நீர் வர நாப்பத்தொரு செகண்ட்." கழிப்பறைத் தண்ணீரை இரண்டு முறை இழுத்துவிடுவார். அலமாரி ஹேங்கர்களை எண்ணுவார். கட்டிலின் நான்கு மூலையிலும் உட்கார்ந்து எழுந்திருப்பார். அதுவரை ஸ்வர்ணா அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருக்க வேண்டும். "ம், உள்ள வா" என்ற உத்தரவு வந்த பிறகுதான் செருப்பைக் கழற்றலாம்.

அந்தப் பெட்டிக்குள் இரண்டு பனியன்களுக்கு நடுவே குழந்தையைப் போலச் சுற்றிவைக்கப்பட்டு ஒரு சின்ன எலக்ட்ரிக் குக்கர் இருக்கும். கூடவே பருப்புப் பொடி, ஊறுகாய், நெய். அரிசி மட்டும் போகிற ஊரில் வாங்கிக்கொள்வது. அறையில் சமைக்கக் கூடாது என்று பலகை எங்கே இருக்கிறது, இல்லாத விதியை எப்படி மீறுவது என்று கேட்பார். பிராக், லிஸ்பன், ரோம் எல்லாம் ஸ்வர்ணாவுக்கு ஆவி வாசனையாகத்தான் நினைவில் இருக்கின்றன. ரோமில் ஜன்னலோரம் குக்கர், லிஸ்பனில் டிவிக்குக் கீழே குக்கர். பதினொரு வருடக் கல்யாண வாழ்க்கையில் சுற்றிப்பார்க்கப் போன ஊர் எதிலும் ஒரு வாய் வெளிச்சாப்பாடு சாப்பிட்டதில்லை. கேட்டால், "வயிறு ஒண்ணு போச்சுன்னா டூரே போச்சு" என்பார்.

ஸ்வர்ணா எம்.எஸ்ஸி. இயற்பியல். பல்கலைக்கழகத்தில் இரண்டாமிடம். ஹைடெல்பர்க்கில் ஓர் ஆய்வகத்தில் அழுத்தமானிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்ப்பது அவள் வேலை. ஆக அந்த வீட்டில் இரண்டு பேருமே சோதிப்பவர்கள்தான். ஒருவர் வாயைத் திறந்துகொண்டு, இன்னொருவர் வாயை மூடிக்கொண்டு.

போன செப்டம்பரில் இவர்கள் பெரு நாட்டுக்குப் போனார்கள். மலைமேல் குஸ்கோ என்ற பழைய நகரம். அரசர்கள் காலத்துக் கற்சுவர்மேல் வெள்ளைக்காரன் கட்டிய வீடுகள், அவற்றில் ஒன்றில் பன்னிரண்டு அறைகளோடு ஓர் எளிய விடுதி. நீலக் கதவு, நடுவில் முற்றம், முற்றத்தில் சிவப்புப் பூந்தொட்டிகள், ராத்திரிக் குளிருக்கு ஆளுக்கு மூன்று கம்பளி. நடத்துகிறவர் இலாரியா என்ற அம்மாள். இரண்டு பின்னல், மேலே ஒரு தொப்பி, வருகிறவர் யாராக இருந்தாலும் கையைப் பிடித்து ஒரு குவளை மூலிகைத் தேநீர். சுவாமிநாதன் தேநீரை முகர்ந்து பார்த்துவிட்டு ஏழாம் அறைக்குள் போய்க் குழாயைத் திறந்தார்.

முதல் நாள் சாயங்காலம் குக்கர் வழக்கம்போலக் கொதித்தது, வழக்கம்போலச் சட்டென்று அணைந்தது. மூடியைத் திறந்தால் சோறு வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. வாயில் போட்டதும் நறுக்கென்றது. உள்ளே விதை விதையாக அரிசி.

மூடியைத் திறப்பதற்கு முன்பே ஸ்வர்ணாவுக்குத் தெரியும். கடல் மட்டத்திலிருந்து மூவாயிரத்து நானூறு மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் எண்பத்தெட்டு டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்குமேல் சூடு ஏறாது, அரிசி வேகாது. பள்ளிக்கூடப் பாடம். சொல்வதற்கு வாயைத் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கீழே முற்றத்துப் பக்கமிருந்து 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. பிரஷர் குக்கர். கூடவே ஏதோ வெண்ணெயில் வதங்குகிற வாசனை.

ஸ்வர்ணா வாயை மூடிக்கொண்டாள்.

"ஏங்க, எனக்குத் தலை வலிக்குது. இந்த உயரம் ஒத்துக்கல போல. கீழ போய் ஏதாவது சூடா குடிச்சிட்டு வரேன்."

"போ, போ. இங்க கரண்ட்ல ஏதோ பிரச்சினை" என்றார் சுவாமிநாதன். அவர் ஏற்கெனவே பிளக்கைப் பிடுங்கி அடுத்த சுவரில் மாட்டிக்கொண்டிருந்தார்.

இலாரியா அம்மாளின் சமையலறையில் ஸ்வர்ணாவுக்கு ஒரு முக்காலி கிடைத்தது. கைப்பேசியில் இவள் தமிழில் பேசினால் அது ஸ்பானிஷில் சொல்லும், அந்த அம்மாள் ஸ்பானிஷில் சொன்னால் அது கோயில் கல்வெட்டு போலத் தமிழில் சொல்லும். இரண்டு பேருக்கும் அது போதுமானதாக இருந்தது. கீன்வா என்ற சிறுதானியத்தில் உருளைக்கிழங்கும் பெரிய அவரைக்கொட்டையும் போட்ட சூப். கட்டைவிரல் பருமனில் மணி மணியாகச் சோளம், பக்கத்தில் ஒரு துண்டு பாலாடைக்கட்டி. பனியில் உறைய வைத்து, வெயிலில் உலர்த்திய கறுப்புக் கிழங்கு ஒன்று. ஸ்வர்ணா இரண்டு கிண்ணம் சூப் குடித்தாள். முதல் தடவையாக ஓர் ஊர் அவள் வாய்க்குள் வந்தது.

தலைவலி நான்கு நாளும் தவறாமல் சாயங்காலம் ஆறரைக்கு வந்தது.

மேலே சுவாமிநாதன் சும்மா இருக்கவில்லை. தண்ணீரைக் கூட்டினார், குறைத்தார். அரிசியை ஊறவைத்தார். அரிசியையே மாற்றினார். ஐந்து பிளக் பாயிண்ட்டிலும் செருகிப் பார்த்தார், அதில் ஒன்று தாழ்வாரத்தில் இருந்தது, குக்கரைக் கட்டிக்கொண்டு துண்டோடு உட்கார்ந்திருந்தவரை ஒரு பிரெஞ்சுத் தம்பதி படம் எடுத்துப் போனார்கள். மொத்தம் ஒன்பது சோதனை, அதற்கு ஓர் அட்டவணை. எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தார், ஊரை மட்டும் மாற்றிப் பார்க்கவில்லை. வாழைப்பழமும் பிஸ்கெட்டும் தின்று இரண்டு கிலோ இளைத்தார்.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமையே மதிப்புரை ஏறியது. "இந்த விடுதியில் மின்சாரம் போதாது. ஒன்பது முறை சோதித்தேன். ஒன்பது முறையும் அரிசி வேகவில்லை. அட்டவணை இணைத்துள்ளேன்." ஒரு நட்சத்திரம். அட்டவணையின் அழகைப் பார்த்து, இருநூற்றுச் சொச்சம் பேர் 'பயனுள்ளது' என்று அமுக்கினார்கள். அதனால் அந்த விடுதியைத் தேடுகிற எவருக்கும் முதலில் கண்ணில் படுவது வேகாத அரிசிதான்.

ஒரு மாதத்தில் இலாரியா அம்மாள் பதில் போட்டார். மன்னிக்க வேண்டும் ஐயா, மின்பணியாளரை இரண்டு முறை அழைத்துப் பார்த்தோம், ஏழாம் அறையில் எல்லா பிளக்கும் புதிதாக மாற்றிவிட்டோம் என்று.

சுவாமிநாதன் அதை அலுவலக நண்பர் உதய் வீட்டு மாடியில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். "பாத்தீங்களா? ரிப்போர்ட் பண்ணேன், ஃபிக்ஸ் பண்ணிட்டாங்க."

"அண்ணே, உங்க புண்ணியத்துல ஒரு நாட்டுக்கே வோல்டேஜ் ஏறிடுச்சு" என்றார் உதய்.

ஸ்வர்ணாவும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அந்தப் புது பிளக்குகள் அவள் நெஞ்சில் செருகிக்கொண்டன. சொல்லிவிடலாம்தான். ஆனால் சொன்னால் அடுத்த பயணத்துக்குப் பெட்டியில் பிரஷர் குக்கரும் ஏறும். இன்னொரு நாள் பார்க்கலாம் என்று குளிர்காலம் முழுவதையும் தள்ளிவிட்டாள்.

இந்த மே மாதம், ஊரெல்லாம் வெள்ளை அஸ்பராகஸ் தண்டுகளைக் கட்டுக் கட்டாக விற்கும் சாவடிகள் முளைத்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, ஸ்வர்ணாவின் கைப்பேசிக்கு, கிளம்பும் அன்று எண் வாங்கிவைத்திருந்த இலாரியா அம்மாளிடமிருந்து செய்தி வந்தது. கைப்பேசியின் கல்வெட்டுத் தமிழைத் தட்டிச் சரிசெய்தால் அது இதுதான்:

"மகளே, ஜெர்மனியிலிருந்து ஒரு சுற்றுலாக் குழு வருடம் முழுவதும் ஆள் அனுப்ப விடுதி தேடுகிறது. நான்கு நட்சத்திரத்துக்குக் கீழே இருந்தால் சேர்க்க மாட்டார்கள். எனக்கு மூன்று புள்ளி ஒன்பது. மொத்தமே இருபது பேர்தான் எழுதியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை முடிவு. இது கிடைக்காவிட்டால் மேல்மாடியைப் பூட்ட வேண்டும். உன் வீட்டுக்காரருக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று கேட்டுச் சொல்வாயா? திருத்திக்கொள்கிறேன்."

ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. திருத்திக்கொள்கிறாராம். ஸ்வர்ணாவுக்கு அன்று ஆய்வகத்தில் ஓர் அழுத்தமானியும் சரியாகக் காட்டவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் மெல்ல ஆரம்பித்தாள்.

"ஏங்க, அந்த குஸ்கோ ரிவ்யூ... எடுத்திடுங்களேன். பாவம் அந்தம்மா. பிளக் எல்லாம் மாத்திட்டாங்கல்ல."

"மாத்தினேன்னு சொல்றாங்க. நான் போய் மறுபடி அரிசி வெச்சுப் பாத்தேனா? டெஸ்ட் பண்ணாம எப்படி க்ளோஸ் பண்றது?"

"இரக்கம்னு ஒண்ணு இருக்குங்க."

"ஸ்வர்ணா, நான் அந்தம்மா மேல கோவத்துல எழுதல. காரணம் தெரியாம ஒரு கோளாறை மூடினா அது வேற எங்கயாவது வெடிக்கும். காரணத்தைக் காட்டு, இப்பவே மூடறேன்."

காரணம் எதிரிலேயே உட்கார்ந்து ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தது.

"அங்க தண்ணி எண்பத்தெட்டு டிகிரியிலயே கொதிச்சிடும்" என்றாள். "உயரம். பிரஷர் கம்மி. கரண்ட் நல்லாத்தான் இருந்துச்சு. இந்த மாதிரி எந்தக் குக்கர் வெச்சாலும் வேகாது. மூடி போட்டு விசில் வர்ற குக்கர் வேணும்."

சுவாமிநாதனின் கை, ஒரு கவளத்தோடு பாதி வழியில் நின்றது. அவர் பி.இ. மெக்கானிக்கல். வெப்பவியலில் தொண்ணூற்றொன்று வாங்கியவர். அந்தத் தொண்ணூற்றொன்றும் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் இறங்கிப் போவதை ஸ்வர்ணா பார்த்தாள்.

"ஆமால்ல" என்றார் கடைசியில். அப்புறம், "உனக்கு எப்பத் தோணுச்சு?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். ஸ்வர்ணா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மூடியத் தொறக்கறதுக்கு முன்னாடியே."

"முன்னாடியேன்னா?"

"மொத நாளே."

"ஒன்பது தடவ வெச்சேனே."

"ம்."

"தாழ்வாரத்துல உக்காந்து வெச்சேனே, அந்தக் குளிர்ல."

"அத மாடிப்படியிலேர்ந்து பாத்தேன்."

சுவாமிநாதன் கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். "அப்ப அந்தத் தலைவலி?"

"வலிக்கல."

"நாலு நாளும்?"

"நாலு நாளும் வலிக்கல."

"அப்ப தினம் கீழ போய் என்ன பண்ணிட்டிருந்த?"

"சாப்பிட்டேன்."

ஸ்வர்ணா இலாரியா அம்மாளின் செய்தியைத் திறந்து அவர் பக்கம் தள்ளினாள். இரண்டு முறை படித்தார். மூன்றாவது முறை 'திருத்திக்கொள்கிறேன்' என்ற இடத்துக்கு வந்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். எழுந்து கை கழுவிக்கொண்டு வந்து, மடிக்கணினியில் அந்தக் குஸ்கோ மதிப்புரையைத் திருத்துவதற்குத் திறந்தார்.

"ஐட்டம் சொல்லு."

"என்னது?"

"என்னென்ன சாப்பிட்டன்னு சொல்லு. சும்மா 'தப்பா எழுதிட்டேன்'னு போட்டா எவன் நம்புவான்? ஆதாரம் வேணும்."

ஸ்வர்ணா சொன்னாள். அவர் தட்டச்சு செய்தார். சூப், இரண்டு கிண்ணம். எத்தனை நாள்? நாலு. உப்பு? சரியாக இருந்தது. அவரை வெந்திருந்ததா? வெண்ணெய் மாதிரி. குக்கர் எத்தனை நிமிடம்? பார்க்கவில்லை. "அத பாக்க வேணாமா, நீ என்ன சயின்டிஸ்ட்" என்றார், தலை நிமிராமல். சோளம் என்ன நிறம் என்று கேட்டார். கறுப்புக் கிழங்கைப் பற்றி அவள் சொல்லும்போது மட்டும் விரல்கள் நின்றன, எச்சிலை விழுங்கினார், பிறகு தொடர்ந்தன.

எழுதியதை வாசித்துக் காட்டினார். "முந்தைய அறிக்கை தவறு. குறை மின்சாரத்தில் இல்லை, விருந்தினரிடம். மலை உயரத்தில் அரிசி வேகாது என்பதைப் பொறியாளரான நான் யோசிக்கவில்லை. யோசித்தவர் கீழே சமையலறையில் நான்கு நாள் சாப்பிட்டிருக்கிறார். அவருடைய சாட்சியம் கீழே."

"என்ன ஏங்க இழுக்கறீங்க?"

"சாட்சி நீதானே."

கீழே ஒரு புது அட்டவணை. பண்டம், நாள், அளவு, வெந்த பதம். அதற்கும் கீழே காலியாக ஐந்து நட்சத்திரங்கள், எத்தனை என்று கேட்டுக்கொண்டு. அம்புக்குறி முதல் நட்சத்திரத்தின் மேல் போய் நின்றது, நான்காவது வரை வந்தது, மறுபடி பின்வாங்கியது.

சுவாமிநாதன் மடிக்கணினியை மேசைமேல் ஓர் அரை வட்டம் சுற்றி ஸ்வர்ணாவின் பக்கம் திருப்பி வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, சட்டை நுனியால் அதை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.