கோட்டையைச் சுற்றிப் போன பாதை

சொலான்ஜ் பூர்னசெல்லுக்கு நடப்பது பிடிக்காது. லாவெர்ஞோல் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தோரு வருடம் நின்றபடியே வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற அன்றைக்கே, மிச்ச வாழ்நாளை உட்கார்ந்தே கழிப்பது என்று தீர்மானித்துவிட்டாள். அந்தத் தீர்மானம் எட்டு மாதம் தாங்கியது. வாரம் ஒருமுறை ஊருக்கு வருகிற டாக்டர் அவளுடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, தினம் ஒரு மணி நேரமாவது நடக்காவிட்டால் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

நடக்கலாம். ஆனால் எதற்கு என்று சொல்லிக்கொண்டு நடப்பது? பிரான்சின் கொரேஸ் மலைக்கிராமங்களில் ஒருவர் காட்டுக்குள் போகிறார் என்றால் விறகுக்குப் போவார், காளானுக்குப் போவார், வேலியைத் தாண்டிய மாட்டைத் தேடிப் போவார். நடப்பதற்காகவே நடப்பது பாரிஸ்காரர்களும் டச்சுக்காரர்களும் செய்கிற வேலை. முதல் நாள் வெறுங்கையோடு தெருவில் இறங்கியவளை மூன்று பேர் வழிமறித்து, கார் பழுதாகிவிட்டதா என்று அனுதாபத்தோடு விசாரித்தார்கள். மறுநாள் ஒரு காலி வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

வாளியோடு ஒரு மாதம் நடந்த பிறகு, நடைப்பாதைச் சங்கத்தில், நடைக்காரர்களுக்கு வழி காட்ட மரங்களில் அடையாளம் போட ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டாள். அன்றே பெயர் கொடுத்தாள். இயற்கையின் மேல் கொண்ட காதலால் அல்ல. மஞ்சள் பெயிண்ட் டப்பாவைக் கையில் வைத்திருப்பவளை ஊரில் ஒருவரும் நிறுத்தி விசாரிக்க மாட்டார்கள் என்பதால்.

அந்த வேலையில் அவள் கெட்டிக்காரியாக இருந்தாள். மரப்பட்டையில் படர்ந்த பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, அச்சுத் தகட்டை வைத்து, ஒரு சாண் நீளத்துக்கு ஒரே இழுப்பு. தொண்ணூறு பிள்ளைகளுக்குச் சூப் ஊற்றிய கை. ஒரு சொட்டு கூடாது, குறையாது. பாதை திரும்புகிற இடத்தில் அம்புக்குறி, போகக் கூடாத இடத்தில் பெருக்கல் குறி. சொலான்ஜ் போட்ட பாதையில் ஒருவன் வழி தவறினால், அவனுக்கு வீட்டுக்குத் திரும்ப விருப்பமில்லை என்று அர்த்தம் என ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அவள் பொறுப்பில் இருந்தது பதினோரு கிலோமீட்டர் பாதை. தேவாலயத்தில் ஆரம்பித்து, ஆற்றோரம் இறங்கி, செஸ்ட்நட் காட்டுக்குள் ஏறி, மோன்வலே கோட்டையின் மர வரிசைக்குள் புகுந்து, முற்றத்தை ஒட்டி வெளியேறும். கோட்டைக்காக மட்டுமே பலர் வந்தார்கள். இரண்டு கோபுரங்கள், வற்றிய அகழி, குரைத்துவிட்டு வாலாட்டுகிற ஒரு கிழ நாய். உள்ளே அதன் சொந்தக்காரர் முசியே எமார் தெ மோன்வலே தன்னந்தனியாக வாழ்ந்தார். இருபத்தாறு அறைகளில் இரண்டை மட்டுமே அவரால் சூடாக வைத்திருக்க முடிந்தது. கூரையின் தெற்குப் பக்கத்தை நீல பிளாஸ்டிக் விரிப்புதான் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

ஓர் ஆகஸ்ட் மதியம் அவர் முற்றத்தில் ரோஜாச் செடிகளை நறுக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு நடைக்காரர் வந்து கழிவறை எங்கே என்று கேட்டார். இங்கே பொதுக் கழிவறை இல்லை என்று முசியே பதில் சொன்னார். அப்படியானால் முதலாளியைக் கூப்பிடு, நான் அவரிடம் பேசிக்கொள்கிறேன் என்றார் வந்தவர். மூன்றாம் நாள் மர வரிசையின் வாயிலில் சங்கிலி விழுந்தது. தனியார் சொத்து, நடமாட்டம் தடை என்று பலகை. ஊராட்சிக்கு இரண்டே வரியில் ஒரு கடிதம்.

மேயரம்மாவுக்கு மோன்வலே குடும்பத்தைப் பகைத்துக்கொள்ள மனமில்லை. அந்தக் குடும்பம் அவளுக்கு ஓட்டுப் போட்டதாகவும் தெரியவில்லை. பாதையைச் சுற்றிக் கொண்டுபோகலாம் என்று கூட்டத்தில் முடிவாயிற்று. கொண்டுபோக வேண்டியவள் சொலான்ஜ். அவளே போட்ட நாற்பத்திரண்டு அடையாளங்களை ஒரு வாரம் உட்கார்ந்தும் குனிந்தும் சுரண்டி எடுத்தாள்.

சுற்றுவழி நாலு கிலோமீட்டர் கூடுதல். ஊரின் கழிவுநீர்க் குட்டையைத் தொட்டு, அவளுடைய கொழுந்தன் ஃபிர்மேனின் பன்றிப் பண்ணையை உரசி, அதன் பிறகுதான் மலைமுதுகுக்கு ஏறும். ஃபிர்மேனுக்கு இதைவிடச் சந்தோஷமான செய்தி அந்த வருடம் கிடைக்கவில்லை.

"பாரிஸ்லேருந்து சுத்தமான காத்து வாங்க வர்றாங்க, என் பண்ணை வழியா கூட்டிட்டுப் போறே. நல்லா இருப்பே அண்ணி," என்றான்.

"உன் பன்னிங்க கழிவறை எங்கேன்னு கேக்காதில்ல, அது போதும் எனக்கு," என்றாள் சொலான்ஜ்.

இந்தப் பாதையை ஒருவரும் சீந்த மாட்டார்கள் என்றே அவள் நம்பினாள். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் மரவெட்டிகள் மலைமுதுகில் இருந்த ஊசியிலைத் தோப்பு ஒன்றை மொட்டையடித்துவிட்டுப் போனார்கள். வசந்தத்தில் கிளை கழிக்க மேலே ஏறியவள் ஒரு திருப்பத்தில் அப்படியே நின்றுவிட்டாள். கீழே, செஸ்ட்நட் காட்டின் நடுவில், மோன்வலே கோட்டை முழுசாகத் தெரிந்தது. காலைப் பனி அதன் இடுப்புவரை நின்றது. கோபுரங்கள் இரண்டும் வெயிலில் மின்னின. பிளாஸ்டிக் விரிப்பு கண்ணில் படாத மறுபக்கத்தில் இருந்ததால், கூரை மாசுமருவற்று இருந்தது.

சேதி பரவியது. பன்றி நாற்றத்தைச் சகித்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். முன்பு வந்ததைவிட இரண்டு மடங்கு வந்தார்கள். அந்தத் திருப்பத்தில் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றார்கள், படம் எடுத்தார்கள், அப்படியே அடுத்த ஊருக்கு இறங்கிப் போனார்கள். கோட்டைக்கு ஒருவரும் போகவில்லை.

ஈஸ்டர் முடிந்த வாரம் முசியே தெ மோன்வலே சொலான்ஜின் சமையலறைக் கதவைத் தட்டினார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உட்காரச் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் நின்றார்.

"அந்தச் சங்கிலியக் கழட்டிட்டேன், மதாம்."

"நல்லதுங்க."

"ஆனா யாரும் வரலையே."

"எப்படி வருவாங்க? பாதை அங்க இல்லையே. நீங்க எழுதினபடி ஒரு கோடு விடாம சுரண்டிட்டேன்."

அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கழிவறை கேட்டது ஒரே ஒருத்தன். மத்தவங்க எல்லாம் கோபுரம் எந்த வருஷத்துதுன்னுதான் கேப்பாங்க. நானும் சொல்லுவேன். இந்தக் குளிர்காலம் பூரா நான் பேசினது நாய்கிட்ட மட்டும்தான். திரும்பப் போட முடியாதா? ஒரு டப்பா பெயிண்ட்தானே?"

வரைபடம் அச்சாகிவிட்டது, மாவட்டம் முத்திரை குத்திவிட்டது, மாற்ற வேண்டுமானால் புது விண்ணப்பம், புது ஆய்வு, சங்கத்தில் ஓட்டு என்று சொலான்ஜ் பொறுமையாக விளக்கினாள்.

"மூடுறதுக்கு உங்க ரெண்டு வரி போதுமா இருந்துச்சு. தெறக்கறதுக்குப் பதினோரு கையெழுத்து வேணும். ரெண்டு வருஷம் ஆகும்."

"எனக்கு எழுபத்தி நாலு வயசு, மதாம்."

"எனக்கு அறுபத்தஞ்சு. என் முட்டிக்குத் தொண்ணூறு."

அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், தான் விண்ணப்பம் எழுதுவதாகவும், அதுவரை அவர் மலைமுதுகுத் திருப்பத்துக்கு ஏறி வந்து ஆட்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். மறுநாளே மடக்கு நாற்காலியோடு வந்துவிட்டார். எழுபத்து நாலு வருடமாகத் தன் கோட்டைக்குள் இருந்தவர், அதை வெளியிலிருந்து முழுசாகப் பார்த்ததே இல்லை. வெகுநேரம் பார்த்தார்.

"கூரை நல்லாத்தானே இருக்கு," என்றார்.

"ஓட்டை அந்தப் பக்கம்," என்றாள் சொலான்ஜ்.

அன்று லியோன்காரத் தம்பதி ஒன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இது யாருடைய கோட்டை என்று கேட்டது. யாரோ ஒரு கிழவருடையது, உள்ளே ஒருவரையும் விட மாட்டாராம் என்றார் முசியே. சரியான கருமியாக இருப்பார் போல என்றாள் அந்தப் பெண். அவர் அதைத் தீவிரமாக யோசித்தார்.

"கருமின்னு சொல்ல முடியாது," என்றார். "முட்டாள்."

சொலான்ஜ் குனிந்து, தேய்க்கத் தேவையே இல்லாத ஒரு மரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

அந்தக் கோடையில் அவர் சங்கத்தில் சேர்ந்தார். அடையாளம் போடுவதற்கான ஒருநாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி, கூடத்தில் பாட்டன் முப்பாட்டன் ஓவியங்களுக்குக் கீழே சட்டம் போட்டு மாட்டினார். பெயிண்ட் வேலை மட்டும் கைவரவில்லை. ஒரு மரத்தையும் விட்டுவைக்க அவருக்கு மனம் வராது. காட்டுக்குச் சுவர்க்காகிதம் ஒட்டியதுபோல் மஞ்சளாக்கிவிட்டுப் போவார். பின்னாலேயே சொலான்ஜ் சுரண்டிக்கொண்டு போவாள்.

பதினோரு கையெழுத்தும் சேர இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆயின. ஒவ்வொன்றுக்கும் அவளே அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். கடைசியில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஓட்டெடுப்பு: பாதை கோட்டைக்குத் திரும்புமா, மலைமுதுகிலேயே இருக்குமா? திரும்பட்டும் என்று நாலு கை உயர்ந்தன, சொலான்ஜின் கையும் சேர்த்து. இருக்கட்டும் என்று ஐந்து. ஐந்தாவது கை முசியே தெ மோன்வலேயுடையது.

மேயரம்மா தன் கண்ணையே நம்பாதவள்போல் காரணம் கேட்டாள். அவர் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"கீழ வந்தா கூரையப் பாத்துடுவாங்க."

சொலான்ஜ் மூன்று வாரம் அவரோடு பேசவில்லை. பேசுவதென்றால் பள்ளிச் சமையலறையின் வசவு மொழியில்தான் பேச வந்திருக்கும். பெயிண்ட் டப்பாவோடு எதிர்ப்பட்டால், வேறு கிளைப்பாதையில் இறங்கி நடந்தாள். டாக்டர் அவளுடைய ரத்த அழுத்தம் முதல் தடவையாகச் சரியாக இருப்பதாகச் சொன்னார். அதுவும் அவளுக்குக் கோபத்தையே கிளப்பியது.

நாலாம் வாரம் அவளுடைய தபால்பெட்டியில் கோட்டையிலிருந்து ஓர் அழைப்பு கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு, பெரிய வாசல் வழியாக வரவும் என்று எழுதி, 'பெரிய' என்பதற்குக் கீழே கோடு போட்டிருந்தார். ஏன் கோடு என்று அவளுக்குப் புரிந்தது. அவளுடைய மாமியார் இருபது வருடம் அந்த வீட்டுத் துணியைத் துவைத்தவள். ஒருநாள்கூடப் பெரிய வாசலை மிதித்ததில்லை. போகக் கூடாது என்று வெள்ளிவரை இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நல்ல மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு போனாள்.

மழை பெய்துகொண்டிருந்தது. பெரிய வாசலில் அவர் உள்ளிருந்து இழுத்தார், அவள் வெளியிலிருந்து தள்ளினாள். ஈரத்தில் உப்பிய கதவு அசையவில்லை. கடைசியில் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினார்.

"மன்னிக்கணும், மதாம். சமையல்கட்டுப் பக்கமா வர்றீங்களா?"

அவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு போனாள். அவர் தன் கையாலேயே, மாவுக்குள் உருளைக்கிழங்கை அடுக்கி மூடிய பெரிய பணியாரம் ஒன்றை அடுப்பில் சுட்டு, மேசை நடுவில் வைத்திருந்தார். மேலே பொன்னிறம், உள்ளே கிழங்கு பச்சையாக நறுக்நறுக்கென்று கிடந்தது.

"எப்படி இருக்கு?"

"வேகலை," என்றாள் சொலான்ஜ், எழுந்து அதை மறுபடி அடுப்புக்குள் தள்ளினாள். வேகும்வரை இருவரும் மேசையின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து அறையில் பித்தளைப் பாத்திரங்களில் கூரைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கிழக்குக் கோபுரம் எந்த வருடம் கட்டியது என்று ஆரம்பித்தார். மலைத் திருப்பத்தில் நூறு தடவை கேட்ட கதை. அன்றைக்குத்தான் லியோனிலிருந்து வந்தவளைப்போல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.