தடைப்பட்டியலில் எங்கள் மன்றம்

மாநில விவாதப் போட்டிக்கான விண்ணப்பம் அன்று மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அதுவும் எங்கள் மன்றத்தின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து மட்டுமே. அனுப்பினேன். திரும்பி வந்தது. மறுபடியும் அனுப்பினேன், மறுபடியும் வந்தது. அனுப்புநர் தடைப்பட்டியலில் இருக்கிறார் என்று ஒரு வரி, கீழே ஒரு இணைப்பு.

மஸ்ஜித் தானா என்ற சிற்றூரில், மன்றச் செயலாளரான அண்ணனின் டயர் கடைக்கு மேலுள்ள அறைதான் எங்கள் அலுவலகம். அணித்தலைவியான நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"குற்றம் இன்னதென்று கூறாமல் தண்டிப்பது எந்த ஊர் நீதி? விசாரணை எங்கே? சாட்சி எங்கே?"

"மைக் இல்லாத எடத்துல ஏன் இவ்ளோ சத்தம், தங்கச்சி? அந்த லிங்க்க அமுக்கிப் பாரு லா," என்றார் அண்ணன்.

இணைப்பை அமுக்கினேன். சாட்சி அங்கே இருந்தது. தீபாவளி வாரத்தில் எங்கள் முகவரியிலிருந்து வந்த மடல்களைப் பலர் குப்பை எனக் குறித்திருந்தார்கள்.

"அண்ணே, தீபாவளிக்கு யாருக்கு என்ன அனுப்புனீங்க?"

"வாழ்த்துதான். கல்யாணத்துல, திருவிழாவுல குடுத்த நேம் கார்டெல்லாம் சேத்து வச்சிருந்தேன். எல்லாருக்கும் போட்டுட்டேன்."

"அவங்க கேட்டாங்களா?"

"அலாமாக்! வாழ்த்த யாரும்மா கேட்டு வாங்குவா?"

தடைப்பட்டியல் என்ற எதிரணியிடம் ஆதாரம் இருந்தது. என்னிடம் குரல் மட்டுமே. ஒரு வார வாழ்த்துக்காக ஒரு மன்றத்தின் வாயையே அடைப்பது தகுமா என்று வாதிட இடமிருந்தது. நேரம்தான் இல்லை.

பட்டியலிலிருந்து நீக்கக் கோரும் பக்கம் இரண்டே கேள்விகள் கேட்டது: என்ன நடந்தது? என்ன மாற்றினீர்கள்? நெடிய முழக்கம் ஒன்றை எழுதினேன்.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "இதப் படிச்சான்னா, இன்னொரு தடவ தடை போடுவான்."

அழித்தேன். கேட்காதவர்களுக்கு வாழ்த்து அனுப்பினோம், அம்முகவரிகளை நீக்கிவிட்டோம் என்று இரண்டு வரிகள் எழுதினேன்.

"மொதல்ல அதையெல்லாம் அழிங்கண்ணே."

"எல்லாம் நம்ம ஆளுங்க மா..."

"அழிச்சாத்தான் நான் எழுதுனது உண்மை."

கடிகாரத்தைப் பார்த்தார். அழித்தார்.

கோரிக்கையை அனுப்பிவிட்டுப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தேன். கீழே டயருக்குக் காற்றடிக்கும் ஓசை என் நெஞ்சுக்குள் ஏறியது. ஐந்து நெருங்கும் வேளையில் எங்கள் பெயர் பட்டியலிலிருந்து மறைந்தது. விண்ணப்பத்தை அனுப்பினேன். திரும்பி வரவில்லை. போட்டி ஏற்பாட்டாளரான அக்காவை அழைத்தேன்.

"வந்துருச்சு மா. ஜங்க் மெயில்ல, குப்பையோட குப்பையா கெடந்துச்சு, எடுத்துட்டேன். உங்க அணி உள்ள."

அண்ணன் மேசையில் தட்டி ஆரவாரம் செய்தார். என்னால் அதில் கலந்துகொள்ள முடியவில்லை. முகவரிகள் உண்மையிலேயே அழிக்கப்பட்டனவா என்று எவரும் சரிபார்க்கவில்லை. நான் பொய் எழுதியிருந்தாலும் இதே வேகத்தில்தான் விடுவித்திருப்பார்கள். குற்றம் சாட்டுகையில் ஆதாரம் வைத்திருந்த பட்டியல், விடுவிக்கையில் எதையும் கேட்கவில்லை.