அடாப்டருக்கு வைத்த சந்தனம்

விஜயதசமி கழிந்த திங்கட்கிழமை காலை. அடாப்டர் வைக்கும் பெட்டியைத் திறந்தேன். அடியில் விரித்திருந்த கறுப்பு ஸ்பாஞ்சின் மேல் கடுகளவுக்கு மஞ்சளாக ஏதோ கிடந்தது. விரலில் ஒற்றி முகர்ந்தேன். சந்தனம்.

பெருந்துறைத் தொழிற்பேட்டையில், படகு ரேடாருக்குப் பாகங்கள் செய்யும் சின்னக் கம்பெனி எங்களுடையது. பத்தாவது முடித்துவிட்டு பேக்கிங்கில் சேர்ந்தவள் நான். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு இப்போது சோதனை மேசையில் உட்காருகிறேன். அங்கே நெட்வொர்க் அனலைசர் என்று ஒரு மெஷின். பாகத்தின் ஒரு முனையில் சிக்னலை விட்டு, மறுமுனைக்கு எவ்வளவு வந்து சேருகிறது என்று கோடு போட்டுக் காட்டும். எங்கள் பாகத்தில் ஒரு முனை கேபிளைத் திருகுவது, மறுமுனை நீள்சதுரப் பித்தளைக் குழாய். ஒன்று மற்றதோடு சேராது. அதனால் அளப்பதற்கு முன், இரண்டையும் இணைக்கிற அடாப்டரை மாட்டி மெஷினைச் சரிசெய்ய வேண்டும். கேபிள் பக்கம் ஒரு தடவை, குழாய்ப் பக்கம் ஒரு தடவை. அடாப்டர் எவ்வளவு சிக்னலைத் தின்கிறது என்று மெஷின் தெரிந்துகொண்டு அதைக் கழித்துவிடும். அந்த இரண்டு தடவைக்கும் நடுவில் அடாப்டர் மயிரிழைகூட மாறக் கூடாது.

ஆயுத பூஜையன்று கேபிள் பக்கமான முதல் பாதி முடிந்த கையோடு பூஜைக்குக் கூப்பிட்டார்கள். எல்லாரும் ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும் கொண்டுபோய்ச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்கள். எனக்குச் சோறு போடுவது அந்த அடாப்டர்தானே? அதைக் கழற்றிக் கொண்டுபோய் வைத்து, சந்தனம் குழைத்து, என் கையாலேயே பொட்டு வைத்தேன். மறுநாள் நல்ல நேரம் பார்த்து, வெளிப்பக்கம் மட்டும் துடைத்துவிட்டு மறுபாதியை முடித்தேன். பிறகு, அளவு தெரிந்த 'செக் பீஸ்' ஒன்றைப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். பூஜை போட்ட மறுநாள் மெஷின் தப்புச் சொல்லாது என்று நம்பி அதை விட்டுவிட்டேன். பன்னிரண்டு பாகமும் பாஸ். கையெழுத்துப் போட்டேன். சாயங்காலமே, கொச்சியில் ரேடார் பூட்டுகிற கம்பெனிக்கு லாரி ஏறிவிட்டன.

ஈரச் சந்தனம் அடாப்டரின் குழாய்க்குள் வழிந்திருக்கிறது. சந்தனம் தின்றதையும் சேர்த்து மெஷின் கழித்திருந்தால், மட்டமான பாகமும் நல்லதாகத் தெரிந்திருக்கும். அன்றைக்கு முழுக்க யாரிடமும் வாய் திறக்கவில்லை. மூடுபனியில் ஒரு படகு போவதும், ரேடாரில் எதிரே ஒன்றும் இல்லை என்று காட்டுவதுமாகவே கண்ணுக்குள் நின்றது.

வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தபோது மெதுவாகச் சொன்னேன். "ஏனுங்க, ஒரு தப்புப் பண்ணிப்போட்டனுங்க."

"தெரியுது. சாம்பார்ல உப்பே இல்லை."

அது இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"சாமிக்கு வெச்ச சந்தனத்துல குத்தம் வருமா அம்மணி? சாமி பாத்துக்கும், உடு."

"சாமி பாத்துக்குமுங்க. படகுல போறவன் எதைப் பாப்பானுங்க?"

அவர் கை தட்டிலேயே நின்றது. "வேலை போயிருமா?"

"போயிருமாட்டத்தான் இருக்குதுங்க."

மறுநாள் காலையில் திருநீறு பூசிக்கொண்டு முருகன் படத்துக்கு முன்னால் நின்றேன். என்ன கேட்பதென்றே தெரியவில்லை. அப்படியே கிளம்பிப் போனேன். எங்கள் இன்ஜினியர் என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

"சார், கொச்சிக்குப் போன பன்னண்டையும் திருப்பி வரச் சொல்லோணுமுங்க."

"ஏனுங்கக்கா, பூசைச் சுண்டல் குடுக்காம அனுப்பிச்சுட்டமா?" என்று சிரித்தார்.

அடாப்டரை நீட்டினேன். லென்ஸை வைத்து உள்ளே பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"செக் பீஸ் போட்டீங்களாக்கா?"

"இல்லீங்க சார்."

திட்டியிருந்தால் தேவலை. போனை எடுத்துக் கொச்சிக்குப் பேசினார். பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லையாம். மூன்றாம் நாள் திரும்பி வந்தன.

அடாப்டரை ஸ்பிரிட் போட்டுச் சுத்தம் செய்து, இரண்டு பாதியையும் புதிதாக முடித்து, செக் பீஸும் போட்டுப் பார்த்தேன். இன்ஜினியர் என் முதுகுக்குப் பின்னால் நின்றார். ஏழு பாகம் பாஸ்.

"மூச்சு உடுங்கக்கா" என்றார்.

எட்டாவதைத் திருகினேன். கோடு, பாஸுக்கான சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கியது. கழற்றி மறுபடி மாட்டினேன். மறுபடியும் இறங்கியது. அவர் அந்தப் பாகத்தின் பழைய சான்றிதழைத் தேடி எடுத்து மேசையில் வைத்தார். பாஸ் என்று போட்டு, கீழே என் கையெழுத்து இருந்தது.

மீதி நான்கும் பாஸ். ஃபெயிலான பாகத்தில் கட்டும் சிவப்பு அட்டையை நீட்டி, "நீங்களே எழுதுங்கக்கா" என்றார்.

"நாளைக்கு வேலைக்கு வரலாமுங்களா சார்?"

"வராம? இதையெல்லாம் யாரு அளக்கறது?"

கையெடுத்துக் கும்பிட்டேன். அட்டையில் தேதியை எழுதும்போதுதான் உறைத்தது. போன வருஷ பூஜைக்கும் இதே அடாப்டருக்குப் பொட்டு வைத்தேன். அப்போது முதல் பாதியைப் பூஜைக்கு முன்னால் முடித்தேனா, பின்னாலா, செக் பீஸ் போட்டேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. அப்போது அனுப்பிய பாகங்கள் கடலுக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது.

இன்ஜினியர் கதவுவரைக்கும் போய்விட்டார். பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன்.

"சார், போகாதீங்க. போன வருஷ ரெஜிஸ்டரைக் கொஞ்சம் எடுக்கோணுமுங்க."