அட்டையில் இருப்பவள் கதையில் வரமாட்டாள்

நாவல்களை வாடகைக்குக் கொடுப்பவன், தான் எழுதாத கதைக்கும் தான் வரையாத படத்துக்கும் சேர்த்துத் திட்டு வாங்க வேண்டும். எழுபதுகளின் கடைசியிலிருந்து பத்து வருடத்துக்கு மேல் நான் வாங்கினேன். சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், தையல்காரர் சுப்பையாவின் கடையில் பாதி இடம் என்னுடையது. அந்தப் பக்கம் தையல் இயந்திரம், இந்தப் பக்கம் என் அலமாரிகள். அட்டையைப் பார்த்துப் புத்தகம் எடுத்து ஏமாந்தவர்கள் எல்லோரும் என் கட்சிதான். நீங்களும் அதில் ஒருவராக இருப்பீர்கள்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஆனால் சென்னையிலிருந்து கப்பலில் வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் படித்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்பேன். ஒருமுறை வந்த புத்தகக் கட்டுக்குள் இருபத்தாறு நாவல்கள் இருந்தன. இருபத்திரண்டின் அட்டையில் பெண் முகம். படித்து முடித்து எண்ணிப் பார்த்தேன். ஏழு பேர்தான் உள்ளேயும் இருந்தார்கள். மற்றவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கப்பலுக்குக் காத்திருந்தவர்

புக்கிட் மேராவிலிருந்து அருளப்பன் என்பவர் வருவார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுபவர். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும், தேவாலயத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டை கசங்காமல் நேராக என் கடைக்கு வந்துவிடுவார். ஒருநாள் ஒரு நாவலின் அட்டையில் பெரிய கப்பல் ஒன்று புகை விட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது கும்பகோணத்தில் ஒரு வெற்றிலைக் கடைக்காரர் வீட்டுப் பங்காளிச் சண்டை.

அடுத்த ஞாயிறு வந்தார். கோபம் இல்லை, களைப்புதான் தெரிந்தது. புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "கப்பல் வந்துச்சுண்ணே, இல்லேன்னு சொல்லமாட்டேன். கடைசி அத்தியாயத்துல யாரோ ஒரு சித்தப்பா அதுல ஏறி ரங்கூனுக்குப் போயிட்டாராம். ஒரே வரி. இதுக்கு நான் ரெண்டு ஷிப்டு காத்திருந்தேன்லா!"

பதினோராவது மாடி

செல்வி மார்சிலிங்கிலிருந்து வருவாள். மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிவிட்டு, கூடையின் அடியில் ஒரு புத்தகத்தைக் கொண்டுபோவாள். நாள் முழுக்கக் கண்ணாடி வழியாகச் சின்னச் சின்னக் கம்பிகளைப் பார்க்கிற பெண். இரவில் ஓர் அத்தியாயம் படித்தால்தான் தூக்கம் வருகிறது என்பாள். அவள் ஒருத்திதான் புத்தகத்தின் மூலையை மடிக்காமல் திருப்பித் தருவாள். அதனால் அவள்மேல் எனக்குத் தனி மரியாதை.

ஒருநாள் அவளுக்கு நல்ல நாவல் ஒன்றை நானே எடுத்துக் கொடுத்தேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் தன் பென்ஷனுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் கதை. அட்டையில் மட்டும் ஓர் இளம்பெண் ஈரச் சேலையோடு அருவியில் நின்றாள். கதையில் அருவியே இல்லை. ஓரிடத்தில் மழை பெய்யும், அப்போதும் ஆசிரியை குடை வைத்திருந்தார்.

மறுவாரம் புத்தகம் பாதியில் திரும்பி வந்தது. செல்வியின் கண் கலங்கியிருந்தது. "அத்தை பார்த்துட்டாங்கண்ணே. இது டீச்சர் கதைன்னு சொன்னேன். எந்த டீச்சர் இப்படி ஸ்கூலுக்கு வருவான்னு கேட்டாங்க. இனிமே வீட்டுக்குள்ள ஒரு புத்தகம் வந்தாலும் அடுப்படிக் குப்பைக் குழாயில போட்டுருவாங்களாம். அதுல போட்டா நேரா கீழே குப்பைத் தொட்டிதான். நாங்க பதினோராவது மாடிண்ணே!"

முன்வாசலில் நாற்காலி

பள்ளிப் புத்தகத்துக்குப் போடுகிற பழுப்புத் தாளை வாங்கி, அந்த நாவலுக்கு நன்றாக மடித்து உறை போட்டுக் கொடுத்தேன். இனி யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன். சுப்பையா தைத்துக்கொண்டே, "மூடினாத்தானே அண்ணே சந்தேகம் வரும்" என்றார். நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள், உயரமான ஓர் அம்மாள் கடைக்குள் வந்தார். பிளாஸ்டிக் கூடையிலிருந்து பழுப்புத் தாள் போட்ட புத்தகத்தை எடுத்தார். செல்வியின் மாமியார் பாக்கியத்தம்மாள்! மார்சிலிங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். "தம்பி, சட்டை போட்டு மறைக்கிற அளவுக்கு உள்ளே என்ன இருக்கு?" என்றார். பெண்களோடு நிமிர்ந்து பேச எனக்கு வராது. சுப்பையாவின் அளவு நாடாவைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன்: "அம்மா, அட்டையில் இருப்பவள் கதையில் வரமாட்டாள்."

அந்த அம்மாள் உறையைப் பிரித்து, அருவிக்காரியை ஒருமுறை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "வராதவளுக்கு எதுக்குய்யா முன்வாசல்ல நாற்காலி போட்டு உட்கார வச்சிருக்கீங்க?"

விளக்கு ஏந்தியவள்

அதோடு போய்விடுவார் என்று பார்த்தால், கூடையைச் சுப்பையாவின் மடியில் வைத்துவிட்டு அலமாரிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார். கடைசியில் ஒன்றை உருவினார். அட்டையில், தலையில் முக்காடு போட்ட ஒரு பெண் துளசி மாடத்தின் முன் விளக்கு ஏந்தி நின்றாள். "இது குடும்பக் கதை. படிக்கணும்னா இதைப் படிக்கட்டும். அதுவும் சத்தமா, நான் பக்கத்துல உட்கார்ந்து கேப்பேன். இதுலயும் ஏதாவது தப்பு இருந்துச்சு, அதோட எல்லாம் முடிஞ்சுது" என்றார்.

அந்த விளக்குக்காரி கதையில் உண்டு. மூன்றாம் அத்தியாயத்தில் மாமியாரின் பாலில் விஷம் கலக்குவதே அவள்தான். "அம்மா, அதை மட்டும் வேண்டாம், அட்டையை நம்பாதீங்க" என்று என்னால் முடிந்தவரை சத்தமாகச் சொன்னேன். அவர் படியில் நின்று திரும்பினார். "முகத்தைப் பார்த்தாத் தெரியாதா தம்பி? நாலு மருமகள்களைப் பார்த்தவ நான்!"

பாலும் பென்ஷனும்

அந்த ஞாயிறு செல்வி வரவில்லை. புத்தகம் பதினொரு மாடியும் இறங்கியிருக்கும் என்று முடிவு செய்தேன். புத்தகம் போனால் போகிறது, அந்தப் பெண்ணின் இரவு அத்தியாயம் போயிற்றே என்றுதான் வருத்தம். அருளப்பன் வந்து ஆறுதலாக, "இன்னொரு கப்பல் கதை இருந்தாக் கொடுங்கண்ணே, நான் ஏமாறத் தயார்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த ஞாயிறு இருவரும் சேர்ந்து வந்தார்கள். பாக்கியத்தம்மாள் முன்னால், செல்வி பின்னால் உதட்டைக் கடித்துக்கொண்டு. அந்த அம்மாள் விளக்குக்காரியை மேசைமேல் குப்புறப் போட்டார். "பாதகி! விளக்கைக் கையில வச்சுக்கிட்டே கலக்குறாய்யா!" என்றார். செல்வி என் பக்கம் குனிந்து, "மூணாம் அத்தியாயம் படிச்ச அன்னைக்கு நான் கொடுத்த பாலைக் குடிக்கலண்ணே. முதல்ல நீ குடின்னாங்க. அப்புறம், நிறுத்தாதே, மேலே படி, மேலே படின்னு ரெண்டு தடவை முழுசா படிக்க வச்சிட்டாங்க. அதான் போன வாரம் வரல" என்றாள்.

தடை நீங்கியதா இல்லையா என்று நான் சுப்பையாவைப் பார்த்தேன். பாக்கியத்தம்மாளே அலமாரிக்குப் போய், அருவியில் நின்றவளைத் தேடி எடுத்து மருமகளின் கூடையில், வெண்டைக்காய்க்கு மேலே, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். "அட்டையில இவ்வளவு மோசமா இருக்கான்னா உள்ளே நல்லவளாத்தான் இருப்பா. பாதிக் கதையை இவ சொல்லிட்டா. பென்ஷன் கிடைச்சுதா இல்லையான்னு மட்டும் இப்பவே சொல்லிடாதீங்க தம்பி!"

அட்டைகள் எல்லாம் உண்மை பேசியிருந்தால், என்னைப் போன்ற கூச்சக்காரனிடம் இத்தனை பேர் தேடி வந்து பேசியிருக்கவே மாட்டார்கள்.