பூட்டின் மேல் விழுந்த பெருக்கல்

பெரியப்பா பஞ்சாயத்து பிரசிடெண்ட் தேர்தலில் ஒரே ஒரு ஓட்டில் தோற்றுப்போனார். நூறு ஓட்டில் தோற்றிருந்தால் ஊரை நன்றி கெட்ட ஊர் என்று நாலு வார்த்தை திட்டிவிட்டு, மறுநாளே பருத்திக் காட்டுக்குப் போயிருப்பார். ஒரு ஓட்டு என்றால் அப்படி விட முடியுமா? அதைப் போட்ட கை ஒன்று இருக்கிறது. அந்தக் கை யாருடையது என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்குத் தெரியும். அப்போது எனக்கு எட்டு வயது. தெரிந்துவைத்துக்கொண்டு ஒரு வாரம் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

பெரியப்பாவுக்கு மண்வெட்டிச் சின்னம். எதிர்த்து நின்ற கீழத்தெருக்காரருக்குப் பூட்டு. எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டுப்பதிவு நடந்தது. மூன்றாம் வகுப்பில் நான் உட்காரும் மூலையிலேயே சாக்கைத் தொங்கவிட்டு மறைப்புக் கட்டியிருந்தார்கள். பெரியம்மா ஓட்டுப் போடப் போனபோது அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நானும் உள்ளே நுழைந்துவிட்டேன். அதிகாரி குனிந்து சீட்டை எண்ணிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

மறைப்புக்குள் ஒரு ரப்பர் முத்திரை இருந்தது. மசியில் தொட்டுக் குத்தினால் பெருக்கல் குறி விழும். எங்கள் வாத்தியார் தப்பான கணக்குக்குத்தான் பெருக்கல் போடுவார், சரியான கணக்குக்கு 'ரைட்' போடுவார். எனக்குத் தெரிந்த உலக நியாயம் அவ்வளவுதான். பெரியம்மா முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா நின்றாள். பாவம், தெரியாமல் முழிக்கிறாள் என்று நினைத்து அவள் காதுக்கு எட்டிச் சொன்னேன்:

"பெரியம்மா, பூட்டு மேல குத்துங்க. வேண்டாததுக்குத்தான் பெருக்கல் போடணும்."

அவள் என்னைக் குனிந்து பார்த்தாள். "அப்படியா சொல்லுத?" என்றாள். பிறகு பூட்டின் மேல் நன்றாக அழுத்திக் குத்தி, சீட்டை மடித்தாள். பெரியப்பாவை ஜெயிக்க வைத்துவிட்டேன் என்ற பெருமையில் நான் குதித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் திருச்சுழியிலிருந்து தோல்விச் செய்தி வந்தது. ஓட்டு எண்ணிய கதையைச் சித்தப்பா முற்றத்தில் நின்று சொன்னார். எந்தச் சின்னத்தில் குத்து விழுந்திருக்கிறதோ அதற்குத்தான் ஓட்டு என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மாட்டுக்கொட்டத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். வெயிலில் சுற்றியதால் வந்தது என்று அம்மா மோர் கொடுத்தாள்.

அன்றையிலிருந்து விசாரணை ஆரம்பமாகிவிட்டது. வாக்காளர் பட்டியலைத் தரையில் விரித்து, சிவப்புப் பென்சிலோடு பெரியப்பா உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா ஒவ்வொரு பெயராக வாசிப்பார். முதல் பழி சிவகாசிக்குத் தீப்பெட்டி வேலைக்குப் போய் ஊர் திரும்பாத இரண்டு பேர் மேல் விழுந்தது. அடுத்து, தேர்தலன்று பார்த்து அச்சு முறிந்த வண்டியின் மேல். அதற்கடுத்து, ஓட்டுப்பதிவுக்கு முந்தின வாரம் செத்துப்போன ஒரு கிழவர் மேல். எட்டு நாள் பொறுத்திருக்கலாமே என்று பெரியப்பா நிஜமாகவே கோபப்பட்டார். பழி இப்படித் தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு மூன்றாம் நாள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது.

"வெளிய இருக்கவன சொல்லிப் பிரயோசனமில்ல. தாய்மாமன் நிக்கும்போது மருமகளுக்குக் கை எங்க போகும்?" என்றார் பெரியப்பா.

கீழத்தெருக்காரர் எங்கள் சித்திக்குத் தாய்மாமன். சித்தி வாக்கப்பட்டு வந்து நாலு வருஷமாகியும் குழந்தை இல்லை. அதற்கே ஆளுக்கொரு பேச்சு இருந்தது. இப்போது இதுவும் சேர்ந்துகொண்டது. காரியாபட்டிப் பக்கம் இருந்த அவளுடைய அண்ணனுக்கு, வந்து தங்கச்சியைக் கூட்டிப்போகும்படி கடிதம் எழுதலாமா என்று பேச்சு வந்தது. ஒரு தடவை போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்று அம்மா அடுப்படியில் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குத் தினமும் தலை சீவிவிடுவது சித்திதான். பேன் பார்த்துக்கொண்டே கதை சொல்வதும் அவள்தான். சித்தப்பாவோ அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவர், பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

கடைசியாக, கருப்பசாமி கோயிலில் சூடத்தை ஏற்றி, சித்தி அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் கோர்ட்டு கிடையாது. பொய்ச் சத்தியம் செய்தவன் கை மூன்றே மாதத்தில் சூம்பிப்போகும்.

மூத்தாரிடம் நேரில் பேசும் வழக்கம் இல்லாததால் சித்தி கதவுக்குப் பின்னால் நின்று தன் புருஷனிடம் பேசினாள். ஆனால் தெருவுக்கே கேட்டது.

"அணைக்கிறேன்னு சொல்லுங்க. ஆனா நான் ஒருத்தி மட்டும் எதுக்கு அணைக்கணும்? இந்த வீட்டுல ஓட்டுப் போட்ட அத்தன பேரும் அணைக்கட்டும். அதுக்குப் பெறகு எங்க அண்ணனுக்குக் காயிதம் போடட்டும்."

பெரியப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "செஞ்சிட்டாப் போச்சு. வெள்ளிக்கிழம மொத ஆளா என் வீட்டுக்காரி அணைப்பா" என்றார்.

வெள்ளிக்கு மூன்று நாள் இருந்தது. பெரியம்மா கருப்பசாமி முன்னால் கையை நீட்டப்போகிறாள், அவள் கை சூம்பப்போகிறது, அதற்குக் காரணம் நான். உண்மையைச் சொன்னால் பெரியப்பா என் தோலை உரித்துவிடுவார். சொல்லாவிட்டால் பெரியம்மாவுக்குக் கை போகும், அல்லது சித்தி ஊரை விட்டுப் போவாள். பள்ளிக்கூடத்தில் எந்தக் கணக்கும் வரவில்லை. சிலேட்டில் பெருக்கல் குறியைக் கண்டாலே கண்ணை மூடிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையில் களத்தில் மிளகாய் வத்தலைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்த பெரியம்மாவிடம் போய் அழுதேன். "நான்தான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். நீங்க சூடத்த அணைக்காதீங்க" என்றேன்.

அவள் கிளறுவதை நிறுத்தவில்லை. போன தடவை பெரியப்பா பிரசிடெண்டாக இருந்தபோது, கண்மாய் மீன் ஏலத் தகராறில் யாரோ அவரை வழிமறித்துத் தோளில் வெட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் யூனியன் ஆபீசுக்கு சைக்கிளில் போகும் நாளெல்லாம், திரும்பி வரும்வரை பெரியம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. இரண்டாம் தடவையும் நிற்கிறேன் என்று அவர் சொன்னபோது அவள் எவ்வளவோ கெஞ்சினாள். பொம்பளைப் பேச்சு என்று தள்ளிவிட்டார். அதெல்லாம் எனக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் அன்று களத்தில் எனக்கு அது எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"உம்மேல ஒரு குத்தமும் இல்ல தாயி. நீ சொன்னத நானும் மறந்துட்டேன், நீயும் மறந்துரு" என்றாள் பெரியம்மா. மிளகாய் பட்ட கையால் கண்ணைத் துடைக்காதே என்று என்னைக் கிணற்றுக்கு அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை கருப்பசாமி கோயிலில் கல்லின் மேல் சூடம் எரிந்தது. பெரியம்மா முன்னே போனாள். நான் அம்மாவின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு கண்ணால் மட்டும் பார்த்தேன். அவள் கை நெருப்புக்கு ஒரு சாண் மேலே நின்றது. சூடம் பாதி கரையும்வரை அப்படியே நின்றது. பிறகு கையை எடுத்துவிட்டுப் பெரியப்பா பக்கம் திரும்பினாள்.

"எனக்கு ஒரு சந்தேகமாத்தான் இருக்கு. கொஞ்ச நாளா கண்ணு மங்கலா இருக்கு. மறைப்புக்குள்ள ஒரே இருட்டு வேற. மண்வெட்டின்னு நெனச்சுப் பூட்டுல குத்திட்டனோ என்னமோ. சாமி முன்னால பொய் சொல்ல மாட்டேன்."

பெரியப்பா அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் அப்படியே கோயில் படியில் உட்கார்ந்தார். "கிறுக்கி, கண்ணு தெரியலன்னா முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட நிம்மதிதான் இருந்தது. ஊர் அவரைக் கைவிடவில்லை, வீட்டுக்குள்ளும் துரோகி இல்லை, பொண்டாட்டியின் கண்தான் கைவிட்டது. அன்று மாலையே டீக்கடையில் உட்கார்ந்து அதை நாலு பேரிடம் சொல்லியும்விட்டார்.

சித்தி கோபத்தில் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பெரியம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கிட்டப் போய், பார்வை இல்லாதவர்களைப் பிடிப்பதுபோல அவள் கையைப் பிடித்து, "பாத்து வாங்கக்கா, படி இருக்கு" என்று கூட்டிக்கொண்டு போனாள். காரியாபட்டிக்குக் கடிதம் போகவில்லை.

அடுத்த வாரம் பெரியப்பா பெரியம்மாவை மதுரைக்குக் கண் டாக்டரிடம் அழைத்துப்போனார். அழுது அடம்பிடித்து நானும் ஒட்டிக்கொண்டேன். எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்கென்று அங்கே ஒரு அட்டை மாட்டியிருந்தார்கள். மூன்று பல் வைத்த ஒரு உருவம், பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையால் காட்ட வேண்டும். மேலே பார்க்கும் பெரிய பல்லுக்கே பெரியம்மா கீழே காட்டினாள். எனக்குப் பதறியது. மெல்லச் சொல்லிக் கொடுக்க வாயைத் திறந்தேன். அவள் என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். டாக்டர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, கண்ணில் மருந்து ஊற்றிப் பார்த்து, கனமான கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவள் சமதரையிலேயே தடுமாறினாள்.

திரும்பும்போது அருப்புக்கோட்டையில் இறங்கிப் பரளச்சி பஸ்ஸில் ஏறினோம். பெரியப்பா பெரியம்மாவின் தோளில் சாய்ந்து குறட்டை விட்டுத் தூங்கினார். தோற்றுப்போனவருக்கு இப்படித் தூக்கம் வருகிறதே என்று எனக்கு ஆச்சரியம். பெரியம்மா கண்ணாடியைக் கழற்றி அதன் கூட்டில் போட்டு மடியில் முடிந்துகொண்டாள்.

"அந்தா, நம்ம ஊரு வெலக்குல உங்க சித்தி நிக்கிறா. குடத்த எறக்கி வச்சிட்டு நிக்கிறா பாரு" என்றாள்.

நான் எட்டிப் பார்த்தேன். வெயிலில் தார் ரோடு மினுங்கியது. வெகுதூரத்தில், எங்கள் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் ஒரு புளியமரம், அதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பஸ் கிட்டப் போன பிறகுதான் சித்தி குடத்தோடு நிற்பது எனக்குத் தெரிந்தது. ஊர் வந்துவிட்டது என்று பெரியப்பாவை எழுப்பப் போனேன். "இருக்கட்டும் தாயி. பஸ்ஸு நிக்கிற வரைக்கும் தூங்கட்டும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் நிறைந்திருந்தது.

மருந்து ஊற்றிய கண், எரிகிறதாக்கும் என்று நினைத்தேன். ஒரே நாளில் இவ்வளவு தூரம் தெரியும்படி செய்துவிட்டாரே, மதுரை டாக்டர் பெரிய கெட்டிக்காரர்தான் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.