ஒன்பது விநாடி டம்மி

ரெக்கார்டிங் ஸ்டூடியோக்காரனுக்குப் பாட்டுக்குத்தான் கூலி. ஆனால் பாட்டுக்கு நடுவில் ஜனங்கள் பேசுகிற பேச்சும் அவனிடமே வந்து சேர்கிறது. செம்பாக்கத்தில் ஒரு வீட்டு மாடியில், கறுப்பு ஸ்பாஞ்சு ஒட்டிய ஒரே அறையில், பதினோரு வருஷமாக இந்தத் தொழில் செய்கிறேன். கல்யாண வீடியோ எடுப்பவர்கள், செல்போன் ரிப்பேர் செய்பவர்கள், ஜெராக்ஸ் கடைக்காரர்கள் என்று அடுத்தவர் விஷயம் தானாக வந்து கையில் விழுகிற வேலை செய்கிற எல்லாருக்கும் என் அவஸ்தை புரியும். ஆனால் இந்தத் தடவை அவஸ்தைப்பட்டது நான் இல்லை. என்னால் ஒரு அம்மாவோடு அவள் பிள்ளை பேசுவதை நிறுத்திவிட்டான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சிவப்பு பல்பு

எங்கள் தொழில் ஆட்கள் ரெக்கார்ட் போட்டால் லேசில் நிறுத்தமாட்டார்கள். பாடுகிறவர் "சும்மா ஒரு தடவை பாடிப் பாக்கறேன்" என்று பாடுவது பல சமயம் நிஜ டேக்கைவிட நன்றாக அமைந்துவிடும். அதனால் காலையில் ஓடவிட்டால் சாப்பாட்டு நேரம்வரை ஓடும். மைக் உயிரோடு இருக்கிறது என்று காட்ட அறைக்குள் ஒரு சிவப்பு பல்பு உண்டு. அது ஃப்யூஸ் போய் ரெண்டு வருஷமாகிறது. மாற்றவில்லை.

ஒருமுறை ஒரு கவுன்சிலருக்குப் பிறந்தநாள் பாட்டு. "ஏழைகளின் விளக்கே" என்று உருகிப் பாடிய தொண்டர், தண்ணீர் குடிக்கிற இடைவெளியில் அதே கவுன்சிலரைத் தன் தெருச் சாக்கடையை வைத்து நாறடித்தார். அழித்திருக்க வேண்டும். நானோ அதை எடுத்துவைத்து, நண்பன் வந்தபோது டீயோடு போட்டுக் காட்டிச் சிரித்தேன். ஸ்பீக்கர் சரிசெய்கிறவன் அவன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு டம்ளரை வைத்தான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இனிமே உன் ரூமுக்கு வந்தா நான் வாயத் தொறக்க மாட்டேன்டா."

ஆகஸ்டில் கிறிஸ்துமஸ்

கிறிஸ்துமஸ் பாட்டெல்லாம் ஆகஸ்டிலேயே வந்துவிடும். அந்த வருஷம் ஒரு சர்ச் பாடகர் குழுவில் இரண்டு பெண்களின் குரலை மட்டும் தனியாக எடுக்க வேண்டியிருந்தது. எஸ்தர் அக்கா, ஷீலா அக்கா. எஸ்தர் அக்கா ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை பார்ப்பவர். கணவர் இறந்து இரண்டு வருஷம். ஒரே பிள்ளை டேனியல், மறைமலை நகரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் இருக்கிறான்.

ஹெட்போன் ஒயர் ஒன்று அறுந்துபோக, நான் வெளியே உட்கார்ந்து அதைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ரெக்கார்ட் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் போன பிறகு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. எஸ்தர் அக்கா சின்ன இருமலோடு ஆரம்பித்துச் சொன்னது இது: "அவரு செத்த அன்னிக்கு எனக்கு அழுகையே வரல ஷீலா. எல்லாரும் போனப்புறம் படுத்தேன். பதினெட்டு வருஷத்துல அன்னிக்குத்தான் நிம்மதியா தூங்கினேன்."

ஜி.எஸ்.டி. சுதா

சுதாகர் கூடுவாஞ்சேரிப் பையன், ராப் பாடுகிறவன். திருச்சி போகிற ஜி.எஸ்.டி. ரோட்டோரம் பிறந்ததால் ஜி.எஸ்.டி. சுதா என்று பெயர் வைத்துக்கொண்டான். அவனுடைய முதல் ஆல்பம் 'அப்பன் சொத்து'. ஏழு பாட்டு. விளைகிற நிலத்தை வீட்டுமனை லேஅவுட்டுக்கு விற்றுக் குடித்துத் தீர்த்த அப்பன்களை, வீட்டில் கை ஓங்கிய அப்பன்களை, வரிக்கு வரி வைதிருந்தான். சில வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஆனால் பொய்யாக ஒரு வரிகூட இல்லை.

நாலாவது பாட்டுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் ஒரு பெண் பேச வேண்டும். பேச வரவேண்டிய நாடக நடிகை வரவில்லை. அளவு தெரிவதற்காக அந்த இடத்தில் ஏதாவது ஒரு சத்தத்தை வைத்துவிட்டு, பிறகு நிஜத்தை வைப்பது வழக்கம். அதற்கு டம்மி என்று பெயர். நான் எஸ்தர் அக்காவின் பேச்சை வைத்தேன். ஒன்பது விநாடி கச்சிதமாக உட்கார்ந்தது. யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாதென்று குரலைக் கொஞ்சம் கனமாக்கினேன். டம்மியை எதற்கு மறைக்க வேண்டும் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

சுதா கண்ணை மூடிக் கேட்டான். யார் அந்த அக்கா என்றான். காசு கொடுத்து வாங்குகிற ஒலித் துணுக்குத் தொகுப்பில், சேம்பிள் பேக்கில் வந்தது என்று கூசாமல் சொன்னேன். "இன்னாண்ணா இது, நெஞ்சுல குத்துது. நடிகையும் வாணாம் ஒண்ணியும் வாணாம். இத்த எடுத்தா ஆல்பமே படுத்துக்கும், இப்டியே வுட்டுடு."

நாலு கிரவுண்டு

ஆல்பம் வந்த வாரமே ஊர் இரண்டானது. நிலம் விற்ற குடும்பத்து ஆட்கள் ஸ்டேஷனில் மனு கொடுத்தார்கள். ஒரு காலேஜில் சுதாவின் நிகழ்ச்சியை ரத்து செய்தார்கள். இன்னொரு பக்கம் பெண்கள் எழுதிய கமெண்டுகள் குவிந்தன, பெரும்பாலும் அந்த ஒன்பது விநாடியைப் பற்றி. "யாரந்த நடிகை? விருது கொடுங்கள்" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். என்னோடு தொழில் செய்கிறவர்கள் போன் போட்டு மைக் எது, எப்படி எடுத்தாய் என்று விசாரித்தார்கள். வெட்கமில்லாமல் மைக் பெயரைச் சொன்னேன்.

ஒரு பகலில் சுதாவின் அப்பாவே மாடியேறி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று ஹெட்போனைக் கழற்றி ஓரமாக வைத்தேன். அவர் மூன்றாவது பாட்டை மட்டும் இரண்டு தடவை போடச் சொல்லிக் கேட்டார். பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "திட்னதெல்லாம் சர்தான் சார், குடிச்சேன்தான். ஆனா நெலம் மூணு கிரவுண்டுன்னு பாடிக்கீறான், நான் வித்தது நாலு."

அறையில் மூன்று பேர்

மறைமலை நகர் கம்பெனி பஸ்ஸில் பையன்கள் ஆல்பத்தைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். டேனியலும் அதில் இருந்திருக்கிறான். குரல் எவ்வளவு கனமாக இருந்தால் என்ன, அம்மாவின் இருமல் பிள்ளைக்குத் தெரியாதா? வீட்டுக்குப் போய் "அப்பா செத்தது உனக்கு நிம்மதியா?" என்று கேட்டிருக்கிறான். எஸ்தர் அக்கா பொய் சொல்லத் தெரியாதவர். தான் சொன்னதுதான் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். அவன் இரண்டு பையோடு நண்பன் அறைக்குப் போய்விட்டான். அம்மாவின் போனை எடுப்பதில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது ஷீலா அக்கா போன் செய்தபோது. அவர் கத்தியிருந்தால் பதிலுக்கு ஏதாவது உளறியிருப்பேன். லேபில் ரிசல்ட் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். "அந்த ரூம்ல இருந்தது நானு, அவ, உங்க மைக்கு. நான் சொல்லல, அவளும் சொல்லல."

டெலீட்

போனை வைத்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? எஸ்தர் அக்காவிடம் ஓடவில்லை. சைபர் கிரைம், லேப்டாப் பறிமுதல் என்று கண்முன்னே என்னென்னவோ ஓடியது. அந்த ஆகஸ்ட் நாளின் முழுப் பதிவையும் அழித்தேன். பேக்கப்பிலும் தேடி அழித்தேன். யாரோ தும்மிய தும்மலைக்கூடப் பத்திரமாக வைத்திருப்பவன், இதை மட்டும் பத்து நிமிஷத்தில் துடைத்தெடுத்தேன்.

இரண்டாம் நாள் சுதா வந்தான். டேனியல் அவனுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறான். அதற்குள் சுதா ஒரு யூடியூப் பேட்டியில் "காசு குட்து வாங்கின சவுண்டு அது" என்று என்னை நம்பிச் சொல்லியும் விட்டிருந்தான். நான் உண்மையைச் சொன்னேன். அவன் அங்கேயே போனை எடுத்து ஆல்பத்தை நெட்டிலிருந்து எடுத்துவிட்டான். அந்த இடத்தைக் காலியாக விட்டுத்தான் மறுபடி ஏற்ற வேண்டும் என்றான். படியிறங்கும்போது நின்றான். "ஊரே என்னைய ஏசிச்சு, நான் நிமிந்துதாண்ணா நின்னேன். இதுக்கு இன்னான்னு நிக்கறது?"

மீதி

நானாகப் போயிருக்க வேண்டும். எஸ்தர் அக்காதான் வந்தார், லேப் வேலை முடிந்த கையோடு. நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். அதைக் கேட்டுக்கொண்டாரா என்றே தெரியவில்லை. "நான் அன்னிக்கு அதோட நிறுத்தலையே தம்பி. மறுநாள் காலையில பழக்கத்துல ரெண்டு டம்ளர் காபி போட்டுட்டேன், ரெண்டாவத யாருக்குக் குடுக்கறதுன்னு தெரியாம உக்காந்து அழுதேன்னு சொன்னேனே. அத ஏன் வெட்டினீங்க?" என்றார். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த இடத்தில் தாளம் தொடங்க வேண்டும். அழுகை வந்தால் ஆல்பத்தின் கோபம் இறங்கிவிடும். அதனால் வெட்டினேன். இதை அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? தரையைப் பார்த்துச் சொன்னேன்.

"சரி, அந்த மீதிய என் போன்ல ஏத்திக் குடுங்க. டேனியலுக்கு அனுப்பணும். பாதிதானே அவன் கேட்டிருக்கான்" என்று போனை நீட்டினார். அழித்துவிட்டேன் என்றேன். அவர் போனைத் திரும்பப் பையில் வைக்க ரொம்ப நேரமானது. அப்போதுதான் என் வாழ்க்கையிலேயே கேவலமான காரியத்தைச் செய்தேன். மைக்கைச் சரிபண்ணி, ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "அதே வார்த்தைய இன்னொரு தடவை சொல்லுங்கக்கா, அன்னிக்கு எடுத்த மாதிரியே பண்ணித் தரேன், வித்தியாசமே தெரியாது" என்றேன். நல்ல மனதோடுதான் சொன்னேன், அதுதான் கேவலம். அவர் மைக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "மைக்கு ஓடறது தெரியாமப் பேசினதாலதானே தம்பி அவன் முத பாதிய நம்பினான்."

டேனியல் இன்னும் வீட்டுக்குத் திரும்பவில்லை. எனக்கு மட்டும், மறுபடி ஏறிய அந்த ஆல்பத்தின் கீழே 'ஒலிப்பதிவு' என்று என் பெயரைப் பார்த்துவிட்டு, வண்டலூரிலிருந்தும் பல்லாவரத்திலிருந்தும் ரெக்கார்டிங்குக்கு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.